பழைய காயிலோவரை வாங்கிப் பொருத்துவது: ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை முன்வைத்து

கேள்வி இது: "அண்ணா, நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். 1995ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். வண்டியோடு வந்த ஷாக் அப்சார்பர்கள் ஓய்ந்துவிட்டன. உயரத்தையும் விறைப்பையும் மாற்றிக்கொள்ளக்கூடிய காயிலோவர் (ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றாக இணைந்தது) ஒரு செட் பழையதாகக் கிடைக்கிறது, புதிய விலையில் பாதிக்கும் குறைவு. வாங்கலாமா? வாங்கினால் நானே பொருத்தி அமைத்துக்கொள்ள முடியுமா?"

வாங்கலாம் தம்பி, நீங்களே பொருத்தவும் முடியும். ஆனால் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால் உங்கள் காருக்கு அடியில் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுங்கள். இந்த வேலையில் பலர் வழுக்கி விழும் இடம் காயிலோவர் அல்ல, அதைத் தாங்கப்போகும் பழைய இரும்பு.

உங்கள் கார் எந்த எண்ணத்தோடு பிறந்தது என்பது தெரிந்தால் இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான வண்டி அது. அதன் தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராய். குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஓருடலாவதைச் சொல்லும் ஜப்பானியத் தொடரான 'ஜின்பா இத்தாய்' என்பதையே அவர் குறிக்கோளாக வைத்தார். ஒரு டன்னை ஒட்டிய எடை, முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்ட பாரம், நான்கு சக்கரங்களுக்கும் மேலும் கீழுமாக, சக்கரத்தை உடலோடு இணைக்கும் இரண்டு ஆர்ம்கள் கொண்ட டபுள் விஷ்போன் அமைப்பு. விலை குறைந்த ஒரு சிறிய காருக்கு இவ்வளவும் கொடுத்தார்கள். மென்மையான ஸ்பிரிங்குகளின் மேல் நின்றபடி, சாலை சொல்வதை உங்கள் முதுகுக்குச் சொல்லும் வண்டி அது. அதைக் கட்டை வண்டியாக மாற்றுவது மிக எளிது. நூற்றுக்கணக்கில் அப்படி ஆக்கப்பட்டிருக்கின்றன. நல்ல பொருளை வாங்கித் தவறாக அமைத்தாலும் முடிவு அதுதான்.

முதலில் கீழ் ஆர்ம்களின் உட்பக்கத்தில் உள்ள கேம் போல்ட்டுகளைப் பாருங்கள். சக்கரத்துக்கு இரண்டு வீதம் மொத்தம் எட்டு. தலைப்பக்கத்தில் மையம் விலகிய வட்டத் தட்டு இருக்கும். அதைத் திருப்பினால் ஆர்ம் உள்ளேயோ வெளியேயோ நகரும். முன்சக்கரத்தின் கேம்பரையும் காஸ்டரையும், பின்சக்கரத்தின் கேம்பரையும் டோவையும் மாற்றுவது இந்தப் போல்ட்டுகள்தான். (கேம்பர் என்பது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்; காஸ்டர் என்பது பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு; டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் கோணம்.) குளிர்காலத்தில் உப்பு கொட்டப்படும் பிரிட்டிஷ் சாலைகளில் முப்பது ஆண்டுகள் ஓடிய வண்டியில் இவை ஆர்மின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். நட்டு கழலும், போல்ட் அசையாது. உயரத்தை மாற்றியதும் கேம்பரும் டோவும் தாமாக மாறிவிடும். அவற்றைத் திரும்பச் சரிசெய்ய இந்தப் போல்ட்டுகள் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் காயிலோவருக்குக் கொடுத்த பணம் டயரைத் தின்பதற்குத்தான் பயன்படும். என் வண்டியில் எட்டில் ஐந்து இறுகியிருந்தன. துரு இளக்கும் எண்ணெயை ஒரு வாரம் தினமும் ஊற்றியதில் இரண்டு மனம் இரங்கின. மீதி மூன்றை இரம்பத்தால் அறுத்து எடுத்து, புதிய புஷ்ஷும் புதிய போல்ட்டும் போட வேண்டியதாயிற்று. அந்தச் செலவு நான் காயிலோவருக்காக ஒதுக்கிய தொகையில் பெரும் பங்கைத் தின்றது. உங்களுடையதை முதலில் சோதித்துவிட்டு, மிஞ்சும் பணத்தில் காயிலோவர் தேடுங்கள்.

அடியில் இருக்கும்போதே பால் ஜாயின்ட்டுகளின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரின் இணைப்புகள் ஆடுகின்றனவா என்றும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியையும் படியுங்கள்: முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பத்து வயதான டயரின் மேல் எந்த சஸ்பென்ஷனையும் எடைபோட முடியாது.

இனி விற்பவரின் வீட்டுக்குப் போகலாம். பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பில்ஸ்டீன், கோனி, ஓலின்ஸ், கேடபிள்யூ போன்ற நிறுவனங்களின் பொருளைப் பழையதாக வாங்குவதில் உண்மையான லாபம் ஒன்று உண்டு: அவற்றைப் பிரித்து, சீலும் எண்ணெயும் மாற்றி, மீண்டும் வாயு நிரப்பித் தரும் பட்டறைகள் இருக்கின்றன. உதிரிபாகம் கிடைக்காத மலிவான செட் ஒன்று கசிந்தால் அது பழைய இரும்புக் கடைக்குத்தான். அதனால் பெயர் தெரியாத புதிய செட்டுக்கும் பெயர் பெற்ற பழைய செட்டுக்கும் ஒரே விலை என்றால் நான் இரண்டாவதையே எடுப்பேன். ஒரே நிறுவனத்துக்குள்ளும் வகை பார்க்க வேண்டும். பில்ஸ்டீனில் பி14 என்றால் உயரம் மட்டுமே மாறும். பி16 என்றால் விறைப்பும் மாறும். கேடபிள்யூவில் வேரியன்ட் 1 உயரத்துக்கு மட்டும், வேரியன்ட் 2 கூடுதலாக மீளலுக்கு (அமுங்கிய ஷாக் திரும்ப நீளும் அசைவு), வேரியன்ட் 3 அமுங்கலுக்கும் மீளலுக்கும் தனித்தனியாக. விற்பவர்களே இவற்றைக் குழப்பிக்கொள்வதுண்டு. உடலில் பொறித்திருக்கும் பாக எண்ணை எழுதி வாங்கி, அது உங்கள் மாடலுக்குரியதுதானா என்று நிறுவனத்தின் பட்டியலில் நீங்களே பாருங்கள்.

ஷாக் அப்சார்பர் என்பது சாரத்தில் ஓர் எண்ணெய்க் குழாயும் அதற்குள் ஓடும் பிஸ்டனும்தான். ஸ்பிரிங் விழுங்கிய ஆற்றலைச் சிறு துளைகள் வழியாக எண்ணெயைப் பிதுக்கி வெப்பமாக மாற்றிவிடுகிறது. ஒற்றைக் குழாய் வகையில் எண்ணெய்க்கு அடியில் மிதக்கும் பிஸ்டன் ஒன்றும், அதன் மறுபக்கம் அழுத்தமேற்றிய நைட்ரஜனும் இருக்கும். அந்த வாயு போய்விட்டால் வேகமான அசைவில் எண்ணெய் நுரைத்து, ஷாக் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்றிருக்கும். நான் முதலில் வாங்கிய செட் அப்படித்தான். படத்தில் அழகு, நேரில் அழகு, ஒரு சொட்டு எண்ணெய் வெளியே இல்லை. பொருத்திய பிறகு ஈரமான வளைவுகளில் வண்டியின் பின்புறம் இடப்பக்கம் திரும்பும்போது ஒரு குணமும் வலப்பக்கம் திரும்பும்போது வேறு குணமும் காட்டியது. மாதக்கணக்கில் அலைன்மென்ட்டையே சந்தேகித்தேன். கடைசியில் பின்பக்க ஷாக் ஒன்றில் வாயுவே இல்லை என்று தெரியவந்தது.

அதைக் கண்டுபிடிக்கும் வழி மிகச் சாதாரணமானது. அன்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றச் சொல்லுங்கள். காயிலோவரில் ஸ்பிரிங் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான் அமுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்கைக் கீழிருந்து தாங்கும் வளைய நட்டைக் கீழே இறக்கினால் தளர்ந்துவிடும், பிறகு மேல் நட்டைக் கழற்றலாம். தளராமல் இன்னும் இறுக்கமாக நின்றால் மேல் நட்டைத் தொடக்கூடாது. ஸ்பிரிங் இல்லாத ஷாக்கின் தண்டைக் கையால் உள்ளே தள்ளி விடுங்கள். வாயு நிரம்பிய ஒற்றைக் குழாய் ஷாக் என்றால் தண்டு ஒரே சீராகத் தானே வெளியே வரும். வீட்டில் எடை பார்க்கும் தராசு ஒன்றைக் கொண்டுபோய், ஷாக்கை அதன் மேல் நிறுத்தி மெதுவாக அமுக்கினால் எண்ணாகவே பார்க்கலாம். 14 மி.மீ. தண்டும் 15 பார் அழுத்தமும் என்றால் கணக்குப்படி ஏறத்தாழ 23 கிலோ வர வேண்டும். உங்கள் ஷாக்கின் அழுத்தம் வேறாக இருக்கலாம், ஆகவே அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். இடதும் வலதும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்பதே கேள்வி. ஒன்று 20, மற்றொன்று 6 என்றால் அந்த ஜோடியில் ஒன்று செத்துவிட்டது.

இரட்டைக் குழாய் வகைக்கு இந்தச் சோதனை அப்படியே பொருந்தாது. அதில் வாயு அழுத்தம் குறைவு. சிலவற்றில் இல்லவே இல்லை. தண்டு திரும்பி வராததால் மட்டும் அது பழுது என்று முடிவுகட்டக்கூடாது. இன்னொன்று: இரட்டைக் குழாய் ஷாக் படுக்கையாகக் கிடந்தால் உள்ளே காற்று இடம் மாறி, முதல் சில அமுக்கலில் வெற்றிடம் விழுந்ததுபோல் தொளதொளக்கும். நிமிர்த்தி வைத்து ஐந்தாறு முறை முழுதாக அமுக்கி இழுத்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அடுத்தது தண்டு. விரல் நகத்தால் அதன் நீளம் முழுவதும் வருடிப் பாருங்கள். நகம் தட்டுப்படும் குழியோ கீறலோ இருந்தால் சீல் இன்று தாங்கினாலும் விரைவில் கிழியும். தண்டைச் சுழற்றிப் பார்த்து நுனி வட்டமடிக்கிறதா என்று கவனியுங்கள். வட்டமடித்தால் வளைந்திருக்கிறது, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். விறைப்பை மாற்றும் குமிழை முழுதும் வலப்பக்கம் மூடி, அங்கிருந்து இடப்பக்கம் க்ளிக் க்ளிக்காக எண்ணுங்கள். நான்கிலும் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாக வர வேண்டும். மூடிய நிலையில் ஒருமுறையும் திறந்த நிலையில் ஒருமுறையும் தண்டை இழுத்தால் கைக்கே வேறுபாடு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தக் குமிழ் அலங்காரம்தான்.

பிறகு மரை. எஃகு உடலில் அலுமினிய வளைய நட்டு உப்புத் தண்ணீர் பட்டுப் பல குளிர்காலம் கிடந்தால் வெள்ளை மாவாகப் பூத்து ஒட்டிக்கொள்ளும். கொக்கி ஸ்பானரைக் கையோடு கொண்டுபோய், ஷாக்குக்கு இரண்டு வீதம் எட்டு வளையங்களையும் ஒரு சுற்றாவது திருப்பச் சொல்லுங்கள். 'எண்ணெய் போட்டால் வந்துவிடும்' என்ற பதிலுக்கு விலையில் தள்ளுபடி கேளுங்கள். கேடபிள்யூவின் துருப்பிடிக்காத எஃகு உடல் இந்த நாட்டில் கூடுதல் பணம் பெறுவதற்குக் காரணம் இதுதான். கடைசியாக, சின்னஞ்சிறு பொருள்கள்: ஷாக் எல்லை வரை அமுங்கும்போது முட்டுத் தாங்கும் தடுப்பு ரப்பர்கள், தூசி உறைகள், ஷாக்கின் மேல்முனையை உடலோடு இணைக்கும் மேல் மவுண்ட், கீழே போல்ட் நுழையும் இடத்தின் உலோகக் குழல்கள். பல செட்டுகள் கம்பெனி மேல் மவுண்ட்டையே திரும்பப் பயன்படுத்துகின்றன. உங்களுடையது துருப்பிடித்திருந்தால் தனியாக வாங்க வேண்டும். இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 வண்டியின் மேல் மவுண்ட் உங்கள் முதல் தலைமுறை வண்டியிலும் பொருந்தும். அமுங்குவதற்குச் சற்றுக் கூடுதல் தூரமும் தரும். அந்தக் கூடுதல் தூரம் எவ்வளவு பெரிய வரம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

'சமீபத்தில் சர்வீஸ் செய்தது' என்று விற்பவர் சொன்னால் ரசீதோடு டைனோ வரைபடத்தையும் கேளுங்கள். ஒழுங்கான பட்டறை எதுவும் ஷாக்கைப் பிரித்துக் கட்டிய பின் இயந்திரத்தில் வைத்து, வேகத்துக்கு ஏற்ப அது எவ்வளவு எதிர்ப்புத் தருகிறது என்ற கோட்டை வரைந்து கொடுக்கும். நான்கு தாள்களும் இருந்தால் அந்த செட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். எதுவும் இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவானாலும் நான்கையும் சர்வீஸ் செய்யும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அந்தக் கூட்டுத்தொகை புதியதன் விலையைத் தொட்டால் புதியதையே வாங்குங்கள்.

ஸ்பிரிங் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பழைய செட்டுகளில் மிகப் பெரிய பிழை இங்கேதான். முந்தைய உரிமையாளர் பந்தயப் பாதைக்காக ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியிருப்பார். பெட்டியில் ஒன்று எழுதியிருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும். ஸ்பிரிங்கின் மேல் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். ஐரோப்பிய, அமெரிக்க ஸ்பிரிங்குகளில் பெரும்பாலும் நீளம், உள்விட்டம், விறைப்பு மூன்றும் வரிசையாக இருக்கும். ஜப்பானியப் பொருள்களில் விறைப்பு மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் வரும். ஒரு கிலோ என்பது அமெரிக்கக் கணக்கில் அங்குலத்துக்கு 56 பவுண்டு. 7 என்று எழுதியிருந்தால் 392 பவுண்டு. 400 பவுண்டு ஸ்பிரிங்குக்குக் கிட்டத்தட்டச் சமம்.

டபுள் விஷ்போன் அமைப்பில் ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் நேராக நிற்பதில்லை. ஆர்மின் நடுப்பகுதியில் நிற்கிறது. உங்கள் வண்டியில் சக்கரம் 10 மி.மீ. எழுந்தால் ஸ்பிரிங் தோராயமாக 7 மி.மீ. அமுங்கும். இந்த 0.7 என்ற விகிதம் இரண்டு முறை பெருக்கப்படும், அதாவது சக்கரம் உணரும் விறைப்பு ஸ்பிரிங்கின் விறைப்பில் ஏறத்தாழப் பாதி. கம்பெனி முன் ஸ்பிரிங் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முன்மூலை ஒன்றின் மேல் சுமார் 215 கிலோ இருக்கிறது என்று வைத்தால், அந்த மூலை நொடிக்கு 1.3 முறை ஊசலாடும். 7 கிலோ ஸ்பிரிங் போட்டால் அது 2 முறையாகும். 12 கிலோ போட்டால் 2.6. ஊர்ச்சாலையில் ஓட்டும், காற்றால் வண்டியைத் தரையோடு அழுத்தும் பந்தய இறக்கை இல்லாத வண்டிக்கு 2 என்பதே என் மேல்வரம்பு. அதற்கு மேல் போனால் மழையில் நனைந்த மேடு பள்ளங்களில் டயர் சாலையை விட்டு எழும்பத் தொடங்கும், பிடிமானம் குறையும். விறைப்பான வண்டி வேகமாக இருப்பதாக உணர்வு சொல்லும், ஆனால் கடிகாரம் ஒப்புக்கொள்ளாது.

ஷாக்கின் எதிர்ப்பும் ஸ்பிரிங்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் விறைப்பு எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு எதிர்ப்பும் கூட வேண்டும். 3 கிலோவிலிருந்து 7 கிலோவுக்குப் போனால் ஒன்றரை மடங்கு எதிர்ப்புத் தேவை. ஐந்து கிலோவுக்கென்று கட்டிய ஷாக்கில் யாரோ பத்து கிலோ ஸ்பிரிங்கைத் திணித்திருந்தால் குமிழை முழுதாக மூடினாலும் வண்டி குதித்துக்கொண்டேதான் இருக்கும். அப்படிப்பட்ட செட் கிடைத்தால் ஷாக் நன்றாக இருக்கும்பட்சத்தில் வாங்கி, சரியான ஸ்பிரிங்கைப் புதிதாகப் போடுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டமுள்ள நேரான ஸ்பிரிங் விலை அதிகமில்லை. உள்விட்டத்தை மட்டும் அளந்து கேளுங்கள், 60, 63.5, 65 மி.மீ. என்று பல அளவுகள் புழக்கத்தில் இருக்கின்றன. முன்னைவிடப் பின்னே விறைப்பான ஸ்பிரிங் போட்டிருந்தால் கவனம்: பின்சக்கரம் இழுக்கும் சிறிய வண்டி ஈரத்தில் வாலைச் சுழற்றும்.

பொருத்துவது ஒரு நாள் வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். நான்கு உறுதியான ஸ்டாண்டுகள் மேல் வண்டி நிற்கட்டும். பின்பக்க மேல் நட்டுகள் டிக்கிக்குள் உறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். முன்பக்கத்தில் ஷாக்கை வெளியே எடுக்க இடம் போதாது. மேல் ஆர்மைப் பிடித்திருக்கும் நீண்ட போல்ட்டை உருவினால் ஆர்ம் கீழிறங்கி வழிவிடும். அப்போது பிரேக் ஹோஸில் பாரம் தொங்கவிடாதீர்கள், ஒரு கம்பியால் கட்டி வையுங்கள். மரைகளில் செம்பு கலந்த கிரீஸைத் தடவுங்கள்.

ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். ரப்பர் புஷ் உள்ள எந்தப் போல்ட்டையும் சக்கரம் தொங்கும் நிலையில் முழுதாக இறுக்கக்கூடாது. அந்த ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டவைக்கப்பட்டது. அது வழுக்காது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும்போது இறுக்கினால் வண்டியை இறக்கியதும் நான்கு மூலையிலும் ரப்பர் முறுக்கேறி நின்று, தானே ஒரு ஸ்பிரிங்காகிவிடும். உயரம் பொய்யாகும், சில மாதங்களில் ரப்பர் கிழியும். கையிறுக்கமாக விட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, பிறகு கம்பெனிக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். உயரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இப்போது உயரம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத ஆரம்பித்தேன். காயிலோவர் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே உள்ள இடைவெளியை மூடுவது. உங்கள் வண்டியில் அந்த இடைவெளிதான் சஸ்பென்ஷன். அந்த இடத்துக்குள்தான் சக்கரம் எழ வேண்டும், ஸ்பிரிங்கும் ஷாக்கும் வேலை செய்ய வேண்டும். எம்எக்ஸ்-5 காருக்குப் பிறவியிலேயே அமுங்கு தூரம் குறைவு; கம்பெனி உயரத்திலேயே பெரிய மேட்டில் தடுப்பு ரப்பரைத் தொட்டுவிடும். அதை இன்னும் 50 மி.மீ. தாழ்த்தினால் வண்டி நிரந்தரமாகத் தடுப்பு ரப்பரின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அப்போது ஏழு கிலோ ஸ்பிரிங் போட்டாலும் மூன்று கிலோ போட்டாலும் ஒன்றுதான். சாலை அடிப்பது நேராக உடலில் விழும். 'காயிலோவர் போட்டால் இடுப்பு போய்விடும்' என்று சொல்பவர்களில் பலர் ஓட்டிப் பார்த்தது இப்படித் தாழ்த்திய வண்டியைத்தான். வளைவின் நடுவே ஒரு பக்கம் ரப்பரைத் தொட்டால் அந்த மூலை ஒரு கணத்தில் கல்லாகி, டயர் சறுக்கும். இன்னொரு கேடும் உண்டு: மிகத் தாழ்த்தினால் கீழ் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அதனால் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி வண்டியின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. தாழ்த்திய வண்டி கூடுதலாகச் சாய முயல்வது இப்படித்தான்.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் தேய்மானம் குழப்பும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து பாருங்கள். முன்னே 330 மி.மீ., பின்னே அதைவிட ஐந்தாறு மி.மீ. கூடுதல் என்பது சாலையில் ஓட்டும் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காருக்கு நல்ல தொடக்கம். அதற்குக் கீழே போக எனக்கு மனமில்லை. வளைய நட்டை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் வண்டி ஏறத்தாழ 1.4 மி.மீ. நகரும், அதே 0.7 கணக்குதான். கம்பெனியின் பழைய புஷ்கள் சற்று முரண்டு பிடிக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து அளந்து பாருங்கள்.

மிச்சம் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தண்டிலும் சிறிய பிளாஸ்டிக் ஜிப் டை ஒன்றை இலேசாகக் கட்டி, ஷாக்கின் உடலை ஒட்டித் தள்ளி வையுங்கள். உங்களுக்குப் பழக்கமான, குண்டும் குழியுமான சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். ஜிப் டை எங்கே நிற்கிறதோ அதுவே ஷாக் போன எல்லை. தடுப்பு ரப்பரை இலேசாகத் தொட்டு நின்றால் நல்லது. ரப்பரை நசுக்கி மேலே முட்டியிருந்தால் வண்டியை உயர்த்துங்கள். ஒரு பவுண்டுகூடச் செலவில்லாத இந்தச் சோதனையைவிட உண்மையான சோதனையை நான் பார்த்ததில்லை.

ஸ்பிரிங்கை முன்கூட்டி அமுக்கி வைத்தால் வண்டி விறைக்கும் என்று சொல்வார்கள். விறைப்பு எங்கும் ஒன்றாக உள்ள நேரான ஸ்பிரிங்கில் அது நடக்காது. கீழ்த்தாங்கியும் தனியாகச் சுழலும் வகை என்றால் உயரத்தைக் கீழே மாற்றுங்கள். ஸ்பிரிங் தொங்கும் நிலையில் ஆடாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் அமுக்கி விடுங்கள். தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு விலகினால் எம்ஓடி என்னும் பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையிலும் சிக்கல் வரும், சாலையிலும் ஆபத்து.

உயரம் உறுதியான பிறகே வீல் அலைன்மென்ட். நான் வைத்திருப்பது: முன்னே கேம்பர் 1.5 பாகை எதிர்மறை (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது), பின்னே அதே அளவு அல்லது சிறிது கூடுதல், காஸ்டர் இரண்டு பக்கமும் சமமாக 5 பாகையை ஒட்டி, முன் டோ சுழியம், பின்னே மொத்தம் 0.2 பாகை உள்நோக்கி. பின்சக்கரம் ஒருபோதும் வெளிநோக்கி நிற்கக்கூடாது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி குறைவான இந்த வண்டியில் அது உயிர் சம்பந்தப்பட்டது. அளக்கும்போது உங்கள் எடை ஓட்டுநர் இருக்கையில் இருக்கட்டும். அலைன்மென்ட் நிலையத்தில் கேட்கத் தயங்காதீர்கள். பச்சைக் கோட்டுக்குள் வந்தால் போதும் என்று முடித்துக்கொள்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

நான்கு மூலை எடையைச் சமன்செய்வது பந்தயப் பாதைக்குப் போகிறவர்களுக்கு முக்கியம், மற்றவர்களுக்கு வசதி இருந்தால் செய்யலாம். நான்கு தராசு மேடைகள் மேல் வண்டியை நிறுத்தி, ஆன்டி ரோல் பாரின் ஒரு பக்க இணைப்பைக் கழற்றிவிட்டு, முன் இடதையும் பின் வலதையும் கூட்டினால் மொத்த எடையில் பாதி வர வேண்டும். ஒரு மூலையை உயர்த்தினால் அந்த மூலைக்கும் அதன் குறுக்கு மூலைக்கும் பாரம் ஏறும். மேசைக் காலுக்கு அட்டை வைப்பதுபோல. ஓட்டுநர் பக்கம் நீங்கள் உட்கார்ந்திருப்பதால் இடவலம் சமமாக வராது, அதற்காக உயரத்தைக் கோணலாக்காதீர்கள்.

குமிழ்களைத் திருகுவது கடைசி. பலர் முதல் நாளே இதில் கைவைத்து, எதனால் எது மாறியது என்று தெரியாமல் தவிப்பார்கள். முழுதாக மூடிய நிலையிலிருந்து எண்ணி, நான்கையும் நடுவில் வையுங்கள். ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே டயர் காற்று. எம்எக்ஸ்-5 காருக்குக் கம்பெனி சொல்லும் 26 பவுண்டு பலருக்குக் குறைவாகத் தோன்றும், ஆனால் எடை குறைந்த வண்டிக்கு அதுவே சரியான தொடக்கம். மேட்டைத் தாண்டியபின் உடல் ஒருமுறைக்கு மேல் மிதந்தால் இரண்டு க்ளிக் மூடுங்கள். அடுத்தடுத்து வரும் சிறு மேடுகளில் வண்டி படிப்படியாகக் கீழே அமர்ந்து இறுகுவதுபோல் இருந்தால் மீளலுக்கு ஷாக் தரும் எதிர்ப்பு அதிகம். ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஸ்பிரிங் நிமிர நேரமில்லை. இரண்டு க்ளிக் திறவுங்கள். ஒரு சமயத்தில் முன் ஜோடி அல்லது பின் ஜோடி, இரண்டையும் சேர்த்துத் தொடாதீர்கள். இடதுக்கும் வலதுக்கும் எப்போதும் ஒரே எண். ஒரு நோட்டில் தேதி, மழையா வெயிலா, எத்தனை க்ளிக், என்ன உணர்ந்தீர்கள் என்று எழுதுங்கள். என் வண்டி இன்று நிற்கும் இடம் நடுவிலிருந்து முன்னே மூன்று, பின்னே நான்கு க்ளிக் மென்மைப் பக்கம். பழைய நோட்டைப் புரட்டினால் முதல் மாதத்தில் எல்லாம் விறைப்புப் பக்கமே எழுதியிருக்கிறது. மழைக்காலம் வந்த பக்கங்களில்தான் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்குகின்றன.

காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள். மாற்றத்தை மறைத்தால் விபத்து நேரும் நாளில் பணம் மறுக்கப்படலாம். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் எழுத்தில் ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

முந்நூறு மைல் ஓடியபின் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரென்ச்சால் சோதியுங்கள், உயரத்தையும் அளந்து பாருங்கள். ஸ்பிரிங்கும் புஷ்ஷும் இரண்டொரு மில்லிமீட்டர் அமர்ந்திருக்கும். அக்டோபர் முடிவதற்குள் மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கெட்டியான மெழுகுப் பூச்சைத் தடவி விடுங்கள். மார்ச் மாதத்தில் உப்பைக் கழுவும்போது எட்டு வளைய நட்டுகளையும் அரைச் சுற்று கீழேயும் அரைச் சுற்று மேலேயும் நகர்த்தித் திரும்ப அதே இடத்தில் பூட்டுங்கள். நீங்கள் பார்க்கப்போகும் செட்டின் பாக எண்ணும் ஸ்பிரிங்கின் மேல் உள்ள எழுத்தும் கிடைத்தால் எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.